மேட்லி வீட்டுச் சிக்கனம்

அந்த நாற்காலி வேணாங்க தொரசாணியம்மா, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. இது தொரை உக்கார்றது, தாங்கும். ஆமாங்க, தொரை வீட்டுல இல்ல. சவுத் பரேட் கடைத்தெரு பக்கம் வேலை கேட்டுப் போயிருக்காரு. நானா? நான் ஆயாங்க. போன வாரம் உங்க கமிட்டி சொல்லி அனுப்பிச்சுதே, உதவி வேணும்னா மொதல்ல வீட்டுல இருக்கற ஆயாவ நிறுத்து, அப்புறம் வந்து பாக்கறோம்னு. அந்த ஆயா நான்தான்.

போகலீங்க. பாக்கறீங்களே, இங்கதான் நிக்கறேன். தொரை காலையிலயே போகச் சொல்லிட்டாரு. மூட்டையும் கட்டிட்டேன். ஜீவனஹள்ளியில சின்னம்மா வீடு இருக்கு, இங்கேர்ந்து கொஞ்ச தூரம்தான். போறதுக்கு முன்னாடி கமிட்டி அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிடலாம்னு நின்னுட்டேன். கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குத் தமிழ் நல்லா வரும்னு சொன்னாங்க. வராம? ஆயா மடியில வளந்தவங்கதானே எல்லாரும்.

பாப்பா அதோ கொல்லையில, மண்ணுல கோடு போட்டுக்கிட்டு இருக்கா. டோரீன். மூணு வயசு. ஆமாங்க, அப்பா நிறம்தான். கண்ணும் அப்படியே. சத்தமே போடமாட்டா. சத்தம் போடக்கூடாதுன்னு சொல்லிச் சொல்லி வளத்தாச்சு.

கமிட்டிக்கு என்ன தெரியணுங்க? வீடு சிக்கனமா நடக்குதான்னுதானே? என்னையே கேளுங்க. இந்த வீட்டுல எது நின்னுது, எது இன்னும் நிக்கலன்னு தொரையவிட எனக்கு நல்லாத் தெரியும். நிறுத்தச் சொன்னது அவரு வாய்தான், நிறுத்தினது என் கையி.

தொரைக்கு வேலை போனது உங்களுக்குத் தெரியும். தொப்பி, சூட்டு, டையி விக்கற பெரிய கடை. குடகுலேர்ந்து தோட்டத்துத் தொரைங்க வந்து ஒரே நாள்ல அரை டஜன் சட்டை எடுத்துட்டுப் போவாங்களாம். காப்பி வெல விழுந்துது, தொரைங்க தொப்பி வாங்கறத நிறுத்தினாங்க. தொரைங்க நிறுத்தினதும் கடை ஆளுங்கள நிறுத்துச்சு. கடை நிறுத்தினதும் நாங்க வெண்ணெய நிறுத்தினோம். உலகமே இப்படித்தான் வரிசையா நிறுத்திக்கிட்டு வருதுன்னு தொரை பேப்பர்ல படிச்சுச் சொல்வாரு. அப்புறம் பேப்பரையும் நிறுத்திட்டாரு.

ஐயோ, அந்த மூடியத் தெறக்காதீங்கம்மா. வெண்ணெய்த் தட்டுதான், உள்ள ஒண்ணும் இல்ல. யாராவது வந்தா மேஜை மேல இருக்கட்டும்னு தொரை சொல்வாரு.

டோபி நின்னாச்சு. நான்தான் தொவைக்கறேன். காலரு, முன்பக்கம் ஒரு சாண், மணிக்கட்டு, அவ்வளவுக்குத்தான் சோப்பு. மத்ததெல்லாம் கோட்டுக்குள்ள இருக்கறதுதானே, அது என்ன நிறத்துல இருந்தா யாருக்கு என்ன? பூட்ஸு அடி தேஞ்சுடுச்சு. கடையிலேர்ந்து வந்த தொப்பிப் பெட்டி அட்டைய வெட்டி உள்ள வெச்சிருக்கு. மழை நாள்ல அட்டை ஊறிப்போயி தொரை நடந்து வந்தா சொதக் சொதக்குன்னு கேக்கும். வாத்து வருதுன்னு பாப்பா ஓடுவா. ஒரு நாள் தொரையே சிரிச்சுட்டாரு. ஒரே நாள்.

டீத்தூள் ரெண்டு தடவை. மொதல் தடவை தொரைக்கு, அப்புறம் அதையே ஓட்டு மேல காயவெச்சு மறுபடியும். பயப்படாதீங்க, உங்களுக்குப் போட்டது புதுசு. சாசர்ல சிந்திடுச்சு, இருங்க தொடச்சுத் தர்றேன்.

ராகியா? ஆமா, வாசனை வந்துடுச்சா? மறைக்கறதுக்கு என்ன இருக்கு. ரொட்டி பாப்பாவுக்கு மட்டும், அதுவும் பேக்கரியில நேத்து மிஞ்சினது. பெரியவங்களுக்கு ராகி உருண்டைதான். தொரையும் அதான் சாப்பிடறாரு. ஆனா ஜன்னல சாத்திடணும். சாத்திட்டு, மேஜைத்துணி விரிச்சு, முள்ளுக்கரண்டியால சாப்பிடுவாரு. நீங்க என்னிக்காவது ராகி உருண்டைய முள்ளுக்கரண்டியில குத்திப் பாத்திருக்கீங்களா? கரண்டியோடவே உருண்டை எழுந்து வரும். அப்புறம் வாயத் தொடச்சுக்கிட்டு வெராந்தாவுல வந்து நிப்பாரு, பல்லு குத்திக்கிட்டு, ஏதோ ரோஸ்ட் சாப்பிட்ட மாதிரி. பக்கத்து வீட்டு வெங்கடசுப்ரமணியன் சாரோட சம்சாரம், பாகீரதியம்மா, ஒரு நாள் வேலியோரமா வந்து கேட்டாங்க, என்ன உங்க தொரை வீட்டுலயும் ராகி முத்தெ வாசனை வருதேன்னு. நாய்க்குன்னு சொல்லிட்டேன். நாய் எங்கன்னு கேக்கல. நல்லவங்க.

அந்தப் படமா? மேட்லி தொரசாணி. ஆமாங்க, காலமாயிட்டாங்க. அழகாத்தான் இருக்காங்க. தொப்பி ரொம்பப் பொருத்தம். எப்படிச் செத்தாங்கன்னா... எனக்கு அவ்வளவா தெரியாதுங்க. தொரை சிலபேருகிட்ட காச்சல்னு சொல்லியிருக்காரு, சிலபேருகிட்ட பிரசவத்துலன்னு சொல்லியிருக்காரு.

இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேற. நீங்க எங்களுக்குத் தர்ற கூடை, ரொட்டி, சர்க்கரை, பால் டின்னு, அது இந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிசுன்னு எனக்குத் தெரியும். பாப்பாவுக்குப் பால் ஒரு பாவு அளவுலேர்ந்து அரைப் பாவாயி, இப்ப அதுலயும் தண்ணி. நெஞ்செலும்ப எண்ணலாம் அவளுக்கு. அதனால கூடை வரணும். அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. ஆனா ஆயா இருந்தா கூடை கெடையாதுன்னு ஒரு சட்டம் வெச்சிருக்கீங்களே, அதத்தான் கேக்கறேன். ஆயாவ எதுக்கு நிறுத்தணும்? செலவு கொறையணும்னுதானே? எனக்குச் செலவே இல்லீங்க.

நெஜமாத்தான். எனக்குச் சம்பளம் கெடையாது. சம்பளம்னு ஒரு காசு கையில வாங்கினதில்ல. துணி? இந்தச் சேல எங்கப்பா எடுத்துக் குடுத்தது. சாப்பாடு சட்டியில ஒட்டினது. வெளக்கு வேணாம், ஜெபமாலைய இருட்டுலயே சொல்லுவேன், மணி வெரலுக்குத் தெரியும். என்ன நிறுத்தினா இந்த வீட்டுல என்ன மிச்சமாகும், நீங்களே சொல்லுங்க.

அப்ப எதுக்கு இருக்கேன்னா, பாப்பாவுக்காகத்தான். வேற எதுக்கு?

ராத்திரியா? இங்கதான். ரெண்டே ரூமு, அவுட்ஹவுஸ் எல்லாம் இந்த வீட்டுக்குக் கெடையாது. உள் ரூம்லதான் பாப்பா பக்கத்துல படுத்துக்குவேன். தொரையா? தொரை... அவரு எங்க படுப்பாரு, அதே ரூம்தான்.

நீங்க அப்படிப் பாக்கறது எனக்குப் புரியுதுங்க. சம்பளம் இல்லாத ஆயா, சின்ன வயசு, தொரசாணி இல்லாத வீடு. டோபியும் அப்படித்தான் பாத்தான். ரொட்டிக்காரன் பாட்டுப் பாடறான். ஞாயித்துக்கிழமை கோயில்ல நான் கடைசியில, கதவுகிட்ட, மத்த ஆயாங்களோட நிப்பேன். அவங்ககூட சேத்துக்கறதில்ல, தள்ளி நிப்பாங்க. தொரையும் பாப்பாவும் முன்னாடி பெஞ்சுல. பாப்பா திரும்பித் திரும்பி என்னப் பாத்துக்கிட்டே இருப்பா. தொரை அவ தலையப் புடிச்சு முன்னாடி திருப்பி வெப்பாரு.

எப்ப வேலைக்குச் சேந்தேனா? அது ஒரு வேடிக்கைங்க, சொல்றேன். பாப்பா பொறந்து ஒரு மாசம் இருக்கும். தொரை அப்பதான் கடையில புதுசு, பின்னாடி ரூம்ல பெட்டி அடுக்கற வேல. மானேஜர் ஹெர்பர்ட் தொரை கார்ல போறப்ப ஏதோ சாவி வாங்கணும்னு வாசல்ல வந்து நின்னுட்டாரு. நான் பழைய சேலையில, தலை வாராம, பாப்பாவத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டு நிக்கறேன். ஹெர்பர்ட் தொரை பாப்பாவப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, தொரையப் பாத்து, நல்ல ஆயாவாப் புடிச்சிருக்கே மேட்லின்னாரு. தொரை சிரிச்சாரு. ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. சும்மா சிரிச்சாரு. அடுத்த வாரமே அவர முன்னாடி கவுண்டருக்கு மாத்திட்டாங்க. கவுண்டர்ல நிக்க உங்க ஆங்கிலோ இந்தியன் ஆளுங்க மட்டும்தான் முடியும், தெரியுமில்ல. ராத்திரி வந்து சொன்னாரு, கொஞ்ச நாளைக்குத்தான், நெலமை சரியாகறவரைக்கும். அன்னிலேர்ந்து எனக்கு இந்த வேல.

அதுக்கு முன்னாடியா? அதுக்கு முன்னாடியும் இதே வீட்டுலதான் இருந்தேன்.

டீ ஆறுதுங்க. குடிங்க.

என்னங்க? ஹோமா? யாரு, பாப்பாவா? எந்த ஹோம்?

குன்னூர்லயா. மலை மேல. சரி. நல்ல காத்து. பாலு நெறைய குடுப்பாங்க, இங்கிலீஷ் படிப்பு. சரிங்க. பாக்கணும்னா எப்ப வரலாம்? வருஷத்துக்கு ஒரு தடவை, அப்பா மட்டும்.

கொஞ்சம் இருங்க. எனக்கு இது புரியல. ஆயா இல்லாத வீட்டுல ஒரு ஆம்பள தனியா எப்படிப் பொட்டப்புள்ளைய வளப்பாரு, அதனால புள்ளைய ஹோம்ல விடணும்ங்கறீங்க. ஆயாவ நிறுத்தச் சொன்னது யாரு? நீங்கதான். ஆயா இல்லன்னு புள்ளைய எடுத்துக்கிட்டுப் போறது யாரு? அதுவும் நீங்கதான். நல்லா இருக்கு.

தொரைகிட்ட கேட்டீங்களா? அவரு ஒத்துக்க மாட்டாரு.

ஒத்துக்கிட்டாரா?

எப்ப?

திங்கக்கிழமையே. கமிட்டி ஆபீசுல வந்து. ஓ. அன்னிக்கு வந்து என்கிட்ட, ஒரு மாசம் சின்னம்மா வீட்டுல இரு, கூடை வர ஆரம்பிச்சதும் கூட்டிக்கிட்டு வந்துடறேன்னு சொன்னாரு. நானும் மூட்டை கட்டினேன். ஒரு மாசம்தானே, பாப்பாவுக்கு வயிறு நெறையுமேன்னு. பாப்பாவோட கவுனுங்களயும் தொவைச்சு மடிச்சு வெய்யின்னாரு. எதுக்குன்னு நான் கேக்கவே இல்ல.

எழுதிக்கிட்டே உங்களுக்கு நீங்களே மெல்ல இங்கிலீஷ்ல சொல்லிக்கிட்டீங்களே இப்ப, இந்த மாதிரிப் பொண்ணு வீட்டுல இருக்கறதே குழந்தைக்குக் கெடுதல், இன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போயிடலாம்னு, அது எனக்குப் புரிஞ்சுது. புரியும், மிஸஸ் ஓஸ்வால்ட். நீங்க எழுதறதும் இங்க நின்னே தலைகீழாப் படிக்க முடியும். கான்வென்ட்ல படிச்சவ நான். என் பேரு பவுலின். எங்கப்பா மிலிட்டரி ஆஸ்பத்திரியில கம்பவுண்டர். மதர் எங்களுக்கு வீட்டு நிர்வாகம்னு ஒரு பாடமே நடத்தினாங்க. வருமானம் குறைந்தால் முதலில் வேலையாட்களைக் குறைக்க வேண்டும்னு அதுல இருக்கும். நான் அத மனப்பாடமா ஒப்பிச்சு பரிசு வாங்கினவ. சிரிப்பு வரல உங்களுக்கு? எனக்கு வருது.

எழுந்திருக்காதீங்க. கொல்லைப் பக்கம் போகாதீங்க, தயவுசெஞ்சு. நான் சத்தம் போடல. உங்களப் பாத்தா எனக்குப் பயம்தான். ஆனா நீங்க இப்ப கொல்லைக்குப் போனா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியல. உக்காருங்க.

அந்தப் படத்த நல்லாப் பாருங்க. கீழ சட்டம் மறைச்சிருக்கற எடத்துல வெல போட்டிருக்கும். தொப்பியோட வெல. கடைக்கு லண்டன்லேர்ந்து வர்ற கேடலாக்ல பன்னெண்டாம் பக்கமோ என்னமோ. தொரைதான், தியோடர், கத்திரிச்சு ஒட்டினாரு. கோந்து காய்ச்சிக் குடுத்தது நான். இந்த வீட்டுல யாரும் சாகல, மிஸஸ் ஓஸ்வால்ட். காச்சல்லயும் இல்ல, பிரசவத்துலயும் இல்ல. பிரசவம் நல்லாத்தான் ஆச்சு. மருத்துவச்சி வந்தா, ஒரு பகல் பூராவும் கத்தினேன், சாயங்காலம் டோரீன் பொறந்தா. அதே உள் ரூம்லதான்.

பொய்யில்ல. நான் பொய் சொல்ற வேலய இப்பதான் விடறேன்.

அவரையே கேக்கணுமா? கேளுங்களேன். வேலை கேட்டு எங்கயும் போகல. அந்த உள் ரூம் வாசல் திரைக்குப் பின்னாடிதான் நிக்கறாரு, நீங்க வந்ததுலேர்ந்து. எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்காரு. உங்க வண்டி இவ்வளவு சீக்கிரம் வரும்னு அவரு நெனைக்கல. இருக்கற ஒரே நல்ல பேண்ட்ட நான் காலையில தொவைச்சுக் கொடியில போட்டுட்டேன், இன்னும் ஈரம். கைலியில நிக்கறாரு. மேட்லி தொரையக் கைலியில யாரும் பாக்கக்கூடாது. அதனால பெண்டாட்டி என்ன பேசினாலும், புள்ளைய யாரு கொண்டுபோனாலும் அவரால வெளிய வர முடியாது.

தியோடர், வாங்க வெளிய. மிஸஸ் ஓஸ்வால்ட்டு வந்திருக்காங்க.

வரமாட்டாரு. விடுங்க. நல்ல மனுஷன்தான் ஒரு காலத்துல. தியோடர் மதலைமுத்துன்னு பேரு. எங்க கோயில்லதான் கல்யாணம், எல்லாரும் பாக்க. மதலைமுத்துவச் சொரண்டிச் சொரண்டித்தான் மேட்லி ஆனாரு. நெறமும் கண்ணும் ஏற்கெனவே இருந்துது. எனக்குத்தான் எதுவும் இல்ல. நான் எத்தன கவுன் போட்டாலும் கவுன் போட்ட ஆயாதான்.

தெரியும். இனி கூடை வராது. கமிட்டி உங்க ஆளுங்களுக்குத்தான், மதலைமுத்து வீட்டுக்கு இல்ல. இது வெளிய தெரிஞ்சா எந்தக் கடையிலயும் அவர கவுண்டர்ல நிறுத்தமாட்டாங்க. எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றேன். நாளைக்குப் பாலுக்கு என்ன செய்வேன்னா கேக்கறீங்க? பாகீரதியம்மா வீட்டுல அவங்க பேத்திக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஆள் தேடறாங்க. ஆயாவா எப்படிப் போய்க் கேக்கறதுன்னு இத்தன நாளும் வேலிகிட்ட நின்னு திரும்பி வந்தேன். நாளைக்குப் போய்க் கேப்பேன். குடுத்தா குடுக்கட்டும். இல்லன்னா வேற கதவு.

நீங்க போய்ச் சொல்லிடுங்க. ஆயாவ நிறுத்தியாச்சு. புள்ளைய அவளப் பெத்தவ பாத்துக்கறா, ஹோம் வேணாம்.

கதவு கொஞ்சம் இறுக்கமா இருக்கும், இழுத்துத் தெறங்க.

டோரீன்! இங்க ஓடி வாம்மா. வா. கையெல்லாம் மண்ணு. இல்ல கண்ணு, ஆயான்னு கூப்பிடாத. அம்மா. சொல்லு, அம்மா. வாயத் தெற... மிஸஸ் ஓஸ்வால்ட், இவ பேச ஆரம்பிச்சப்ப மொதல்ல வந்த வார்த்தை அதுதான். வெளிய யார் காதுலயாவது விழுந்துடும்னு, மூணு மாசம் கஷ்டப்பட்டு நிறுத்தினோம். அவரு மெரட்டினாரு, நான் வாயப் பொத்தினேன். இந்த வீட்டுல மொதமொதல்ல நிறுத்தினது அதத்தான்.

சொல்லு ராஜாத்தி. அம்மா.

பாருங்க, திரும்பி அப்பா நிக்கற திரையப் பாக்கறா. சொல்லலாமான்னு கேக்கறா.

நீங்க போங்க. நாங்க உக்காந்து பழகிக்கறோம். இதுக்குச் செலவு ஒண்ணும் ஆகாது.